நடைநீர்

என் பெண்டாட்டிக்காக வேறொருத்தி நடந்தாள். அதைத்தான் எழுதப் போகிறேன். படிப்பு எனக்கு அஞ்சாம் வகுப்போடு சரி. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயம் கோணல் இல்லை.

பெயர் சோணைமுத்து. திண்டுக்கல்லில் கறிக்கடை. மீசை முளைத்த நாளிலிருந்து ஆடு உரிக்கிறவன். தராசு முள் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்காமல் நான் எதையும் நம்பினதில்லை. சாமியை நம்பினதில்லை, டாக்டரை நம்பினதில்லை, 'எலும்பில்லாமப் போடுங்கண்ணே, நாளைக்குக் காசு தர்றேன்' என்கிறவனை அறவே நம்பினதில்லை.

என் பெண்டாட்டி வெள்ளத்தாயிக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஈரலுக்குப் பின்னால், அறுக்க முடியாத இடம் என்றார்கள். உடம்பில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று நான் கேட்டேன். டாக்டரம்மா ரெஜினா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்னப் பெண், என் மகள் வயது. ஆனால் பார்வைக்குப் பயப்பட வேண்டியிருந்தது.

"ஐயா, ஆடு வேற, அம்மா வேற. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. நடக்கிற உடம்புல சதை சும்மா இருக்காது. ரத்தத்துல ஒரு சத்தை விடும். அது கட்டியை வளரவிடாம அமுக்கும். சிறுமலைக் கொடி வேர்ல செஞ்ச மாத்திரையை முழுங்கிட்டு நடந்தா அந்தச் சத்து பல மடங்கு ஊறும்."

"அப்ப மாத்திரையைக் கொடுங்க. நடக்கச் சொல்றேன்."

"எங்க நடக்கறது? அவங்களால கட்டிலை விட்டு இறங்க முடியலையே."

"மாத்திரை மட்டும் போதாதா?"

"போதாது. நடையில்லாம மாத்திரை வெறும் வேர்ப்பொடி. மாத்திரையில்லாம நடை இந்தக் கட்டிக்குப் பத்தாது. ரெண்டும் ஒரே உடம்புல சேரணும்."

"இதைச் சொல்லவா பஸ் ஏறி வரச் சொன்னீங்க?"

அவள் கோபப்படவில்லை. "வேற ஒருத்தர் மாத்திரையைப் போட்டுக்கிட்டு நடப்பாங்க. அவங்க ரத்தத்துல இருந்து அந்தச் சத்துத் தண்ணியை மட்டும் பிரிச்செடுத்து அம்மாவுக்கு ஏத்துவோம். வாரம் ஒரு தடவை."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தர் தின்றால் இன்னொருத்தருக்குப் பசி அடங்குமா? ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த வெள்ளத்தாயி, "இந்தாய்யா, நான் உக்காந்து கிடக்க எவளோ நடக்கப்போறாளாம். ராணி பொழப்புத்தான் போ" என்றாள். அந்த நிலையிலும் அவளுக்கு வாய் ஓயவில்லை.

"நான் நடக்கிறேன்" என்றேன்.

"பொம்பளை உடம்புக்குப் பொம்பளை உடம்புல ஊறினதுதான் சேரும். உங்க மக ரத்தமும் சேரலை. தவிர உங்க வயசுச் சதையில ஊறாதுய்யா."

"கிழட்டுக் கிடாங்கிறீங்க."

"நீங்களே சொல்லிட்டீங்க."

அந்தத் தண்ணீருக்கு ஊரில் நடைநீர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நடக்கிற இடத்துக்கு நடைக்கூடம். பைபாஸ் ரோட்டில் மூடிப்போன நூல் மில்லைத்தான் அப்படி மாற்றியிருந்தார்கள். என் சந்தேகம் என்னைச் சும்மா விடவில்லை. ஒரு நாள் போய்க் கம்பி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தகரக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக ரப்பர் பட்டைகள் ஓடின. அதன்மேல் பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் சுவர், பின்னால் சுவர். ஒருத்தியும் ஓரடி முன்னே போகவில்லை. எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "அவளுக நடக்கிறாங்களே, அவளுகளுக்கும் உடம்புக்கு நல்லதுதானே?"

"ஊறினதை நாம எடுத்துடறோமே ஐயா. எடுத்த அன்னிக்கு அவங்க உடம்புக்கு நடக்காத மாதிரிதான்."

"அப்ப அவளுகளுக்கு யாரு நடப்பா?"

அவள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். யாருடைய நடைநீர் யாருக்குப் போகிறது என்று இரண்டு பக்கமும் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த ஜோடியை அன்றைக்கே வெட்டிவிடுவார்கள், அப்புறம் இவள் நடைநீர் அவளுக்குக் கிடையாது. ஆரம்பத்தில் அப்படி இல்லையாம். நோயாளி வீட்டார் நடக்கிறவள் வாசலில் போய் நின்று, 'ஏன் இன்னைக்கு நடக்கலை' என்று கேட்டிருக்கிறார்கள். சில பேர், 'அந்தம்மா என்ன ஆளுங்க? எங்க ஆளுக நடந்ததுதான் வேணும்' என்று கேட்டிருக்கிறார்கள். வெள்ளத்தாயியைப் பார்க்க வந்த என் மைத்துனன்கூட வாயைத் திறந்தான்.

"யாரு வேர்வைன்னு விசாரிச்சீங்களா மாமா?"

"நீ திங்கிற சோறு யாரு வேர்வைன்னு என்னைக்காவது விசாரிச்சியாடா?"

அவன் காபியைக் குடிக்காமல் எழுந்து போனான். போகட்டும், காபி மிச்சம்.

வாரா வாரம் எங்கள் மொட்டைமாடியில் டிரோன் ஒன்று வந்து சின்ன குளிர்ப்பெட்டியை வைத்துவிட்டுப் போகும். காக்கைகள் அதைத் துரத்தும். நர்ஸ் வந்து பெட்டியைத் திறந்து ஏற்றுவாள். வைக்கோல் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன். ஆனால் ஆடி போய் ஆவணி வந்தபோது வெள்ளத்தாயி எழுந்து உட்கார்ந்தாள். ஐப்பசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை போய், நான் வைத்த ரசத்தை மோந்து பார்த்து, "இது ரசமா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்றாள். அன்றைக்கு நான் கடைக்குப் போய் அழுதேன். வாடிக்கைக்காரர் கேட்டதற்கு வெங்காயம் என்றேன். கறிக்கடையில் ஏது வெங்காயம்?

மார்கழி பிறந்ததும் ஒரு மாற்றம். கறிக்கடைக்காரன் பெண்டாட்டி, வெறும் எலும்பை வைத்தே ஒரு படி சோறு தின்கிறவள், தட்டைத் தள்ளிவிட்டாள்.

"கவுச்சி குமட்டுதுய்யா. வெறும் தயிர்சோறு போடு."

பயந்துபோய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் சிரித்தாள். "பயப்படாதீங்க. நடக்கிறவங்க நாக்கு ருசி சமயத்துல இங்கேயும் கொஞ்சம் ஒட்டும். அவங்க கறியை விட்டிருப்பாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. மார்கழியில் கறியை விடுகிறவள் எதற்கு விடுவாள்? பழனிக்கு மாலை போட்டிருக்கிறாள். மார்கழி, தை என்றால் பாதி ஊர் மாலை போட்டுக்கொள்ளும். என் கடையில் ஈ ஓட்டுவேன். முருகன்மேல் எனக்கு இருந்த ஒரே வழக்கு அதுதான்.

தை பிறந்தது. அந்த வாரம் டிரோன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. வெள்ளத்தாயி மறுபடி கட்டிலோடு ஒட்டிக்கொண்டாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் சரியில்லை. என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள்.

"அவங்க விடுப்பு எடுத்திருக்காங்க ஐயா. நாங்க கட்டாயப்படுத்த முடியாது."

"வேற ஆளு?"

"சேர்ற ரத்தம் வேற கிடைக்கலை. தேடிட்டோம்."

"எத்தனை நாள் தாங்கும்?"

"கட்டி கண்ணு முழிச்சிருச்சு. இந்த வாரமும் தவறினா, அப்புறம் நடைநீர் ஏத்தினாலும் கேட்காது."

தைப்பூசத்துக்கு ஒரே நாள்தான் இருந்தது. நான் நேரே நடைக்கூடத்து வாசலுக்குப் போனேன். எதிரே டீக்கடை. டீ மாஸ்டர் என்னிடம் கறி வாங்குகிறவன்.

"இந்தக் கூடத்துல மாலை போட்டு லீவுல போன பொம்பளை யாராச்சும் இருக்காங்களா?"

"ஒருத்திதாண்ணே. பஞ்சவர்ணம். இதே மில்லுல நூல் ஓட்டினவ. மில்லு மூடினதும் அதே இடத்துல நடந்து பொழைக்கிறா. விரதம்னு ரெண்டு வாரமா லீவு, நேத்துதான் சர்க்கரைக் குடம் எடுத்துக்கிட்டுக் கிளம்பினா. எதுக்குக் கேக்குறீங்க?"

"கறி பாக்கி."

"மாலை போட்டவகிட்டக் கறி பாக்கியா!" என்று அவன் கத்தியது பஸ் ஏறும் வரை கேட்டது.

நேற்றுக் கிளம்பினவள் இதற்குள் எவ்வளவு தூரம் நடந்திருப்பாள் என்று கணக்குப் போட்டு, பழனிக்கு முன்னால் சத்திரப்பட்டியில் இறங்கினேன். ரோடு தெரியவில்லை, பச்சை வேட்டியும் பச்சைச் சேலையும்தான் தெரிந்தது. லட்சம் கால்கள். அரோகரா சத்தம் காதைக் கிழித்தது. ரோட்டோரத்தில் நடைநீர்க்காரர்கள் பெரிய கூடாரம் போட்டு மைக் வைத்திருந்தார்கள். நடக்கிற கால்கள் இத்தனை சேர்ந்து வேறு எங்கே கிடைக்கும்? 'மாத்திரை இலவசம், மோர் இலவசம், ஒரு சுற்று நடந்து கொடுத்துவிட்டுப் போங்கள்' என்று கூவினார்கள். சிலர் உள்ளே போனார்கள். பல பேர் கூடாரத்துப் பக்கம் திரும்பாமல் நடந்தார்கள்.

இந்தக் கூட்டத்தில் அவளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மலைத்து நின்றேன். வேலை எனக்கு மிச்சமாயிற்று. கூடாரத்து வாசலில் நின்ற நர்ஸ் பெண் திடீரென்று கையை ஆட்டினாள். "பஞ்சவர்ணக்கா! நம்ம கூடத்து ஆளே தாண்டிப் போனா எப்படிக்கா?"

வேப்பமரத்தடியில் ஒருத்தி நின்றாள். ஒல்லியான உடம்பு, நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் பித்தளைக் குடம், குடத்தின் வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. வலது குதிகாலில் கந்தல் சுற்றியிருந்தாள்.

"இந்த நடை குடுக்கிற நடை இல்ல தாயி. ஆளை விடு" என்றாள்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். போனேனே தவிர, என்ன சொல்வது? 'நீ நடந்து பிழைக்க வைத்தவள் என் பெண்டாட்டி' என்றால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். ஆனால் நடக்கும் முன்னால் அவள் போய்க் கைரேகை வைக்கும்போது, 'வாங்குகிறவரைத் தெரியுமா' என்று இயந்திரம் கேட்கும். பொய் சொன்னால் அது கண்டுபிடிக்கும். உண்மை சொன்னால் ஜோடியை வெட்டும். இது டாக்டரம்மா எனக்கு நாலு தடவை சொன்ன சங்கதி.

"ஏம்மா, குடுத்தா என்ன? ஒரு உசிரு பொழைச்சா புண்ணியம்தானே?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க கூடாரத்து ஏஜெண்டா?"

"கறிக்கடைக்காரன்."

"பழனிப் பாதையில கறிக்கடைக்காரருக்கு என்ன வேலை?"

"யாவாரம் இல்ல. அதான் யாரு கெடுத்தான்னு பார்க்க வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"அண்ணே, நான் தினம் நடக்கிறேன். ஒரே ஒரு உசிருக்குத்தான் போகுதாம். யாருன்னு தெரியாது. பொம்பளைன்னு மட்டும் தெரியும். ஒரு நாள் நர்ஸ் வாய் தவறி, 'உன்னோடது ஏறினதும் எந்திரிச்சு உக்காந்துட்டாங்க'ன்னு சொல்லிருச்சு. அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கலை. என் காலு ஒருத்தியை எந்திரிக்க வச்சிருக்கு. ஆனா நான் என்ன குடுத்தேன்? கூலி வாங்கிக்கிட்டு வித்தேன். வித்தது எப்படிண்ணே நிலைக்கும்? அதான் வேண்டிக்கிட்டேன். கூலி வாங்காத நடை ஒண்ணு நடக்கிறேன் முருகா, அந்த உசிரை முழுசாக் காப்பாத்திருன்னு. இதுல இருந்தும் எடுத்து வித்தா வேண்டுதலை என்னாகிறது?"

யாருக்காக நடக்கிறாளோ அவளுடைய மருந்தைத்தான் இவள் நிறுத்தி வைத்திருக்கிறாள். அவளுக்காக வேண்டிக்கொள்வதற்காக அவளைச் சாகவிடுகிறாள். இதைக் கேட்டு அழுவதா, சிரிப்பதா? முருகன் மட்டும் எதிரே இருந்திருந்தால் அன்றைக்கு நடந்திருப்பது வேறு.

"நீ இங்க நடக்கிற நேரம் அந்த உசிருக்கு மருந்து வேணுமில்ல?"

"மாத்தாளு போட்டிருப்பாங்க. கூடத்து மேனேஜரு சொன்னாரு."

"அவன் சொன்னா?"

நான் கேட்ட வேகம் எனக்கே தெரிந்தது. அவளும் சட்டென்று நிமிர்ந்தாள்.

"மாத்தாளு இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் யாரையும் நம்பாதவன், அதான் கேட்டேன்."

கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அவள் குடத்து மஞ்சள் துணியின் முடிச்சை இறுக்கினாள், அவிழ்த்தாள், மறுபடி இறுக்கினாள்.

"உங்க வீட்ல யாருண்ணே?"

"பொண்டாட்டி."

"நல்லா இருக்காங்களா?"

"நல்லா வாயாடுவா."

"இப்பவும்?"

ரோட்டைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பார்க்காமலே தெரிந்தது. அதற்கு மேல் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ.

குடத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "எடுத்தா நாளைக்கு வரைக்கும் படுக்கச் சொல்லுவாங்க. பூசம் போயிரும். குடம் பாதியில நிக்கும்."

"ஒருத்தர் நேர்ந்ததை இன்னொருத்தர் நடந்து தீர்க்கிறது உண்டுதானே? குடத்தை என்கிட்டக் குடு."

"நீங்களா? சாமி கும்பிடுவீங்களா?"

"மாட்டேன்."

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ஈரல்."

"முருகா!" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் எழுந்து நின்றாள். "சரி. அவன் வேடன் வீட்ல பொண்ணு கட்டினவன்தானே, கறிக்கடைக்காரரை என்ன சொல்லப் போறான். அந்தக் குழாயில தலையோட குளிங்க. வாயை நல்லாக் கொப்பளிங்க. செருப்பைக் கழட்டுங்க."

குளித்துவிட்டு வந்தேன். அவளுடைய பச்சைத் துண்டை என் இடுப்பில் கட்டிவிட்டுக் குடத்தைத் தலையில் வைத்தாள். நாட்டுச்சர்க்கரை நிறைந்த குடம். முழு ஆட்டைத் தோளில் போட்டு நடந்தவனுக்கு அது ஒரு பாரமா? ஆனாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"மேல போய் யாருக்குன்னு சொல்லணும்?" என்று கேட்டேன்.

"அந்த உசிருக்குன்னு சொல்லுங்க. எனக்குப் பேர் தெரியாது." துண்டின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். "தெரியவும் வேணாம்."

கூடாரத்துக்குள் நுழைந்தாள். இயந்திரத்தில் கை வைத்தாள். 'வாங்குகிறவரைத் தெரியுமா' என்று அது கேட்டதும், "தெரியாது" என்று அவள் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னதும் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. பச்சை விளக்கு எரிந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவள் பட்டையில் ஏறி நடக்க ஆரம்பித்தாள். நான் ரோட்டில் இறங்கினேன்.

அந்த நடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜல்லி குத்தியது, தார் சுட்டது, அப்புறம் இருட்டியது. முன்பின் தெரியாத ஒருத்தன் என் வாயில் வாழைப்பழத்தைத் திணித்துவிட்டுப் போனான். அரோகரா என்று எல்லாரும் கத்தும்போது நான் கத்தவில்லை. விடியற்காலையில் மலை தெரிந்தபோது பாதம் எனக்குச் சொந்தமாக இல்லை. அப்போது ஒரு தடவை கத்தினேன். வலிக்குக் கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே குடத்தை வாங்கிக்கொண்டார்கள். அர்ச்சனைத் தட்டோடு நின்றேன்.

"பேர், நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

அங்கே இயந்திரம் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை.

"வெள்ளத்தாயி. கேட்டை."

"வேற பேர் உண்டா?"

பின்னால் கூட்டம் நெருக்கியது. 'சீக்கிரம் சொல்லும்யா' என்று யாரோ முதுகில் இடித்தான். கம்பி ஜன்னல் வழியாகப் பார்த்த ரப்பர் பட்டைகள் ஞாபகம் வந்தன.

"பஞ்சவர்ணம்."

"நட்சத்திரம்?"

"தெரியாது."

"தெரியலைன்னா சாமி பேருக்கே பண்ணிடலாம்."

"சாமிக்குத்தான் இத்தனை பேரு நடந்து வந்திருக்கோமே. இவளுக்கு யாரும் இல்ல. இவ பேருக்கே பண்ணுங்க."

அவர் பண்ணினார்.

நான் வீடு போய்ச் சேருவதற்கு முன்னாலேயே டிரோன் வந்து போயிருந்தது. நர்ஸ் ஏற்றிவிட்டுப் போயிருந்தாள். வெள்ளத்தாயி என் கால்களைப் பார்த்தாள்.

"என்னய்யா இது?"

"கடையில வழுக்கிட்டேன்."

"வழுக்கினா உள்ளங்கால் பூராவா கொப்பளிக்கும்?"

"எனக்குக் கொப்பளிக்கும்."

இடுப்பில் இருந்த பச்சைத் துண்டையும் பார்த்தாள். மேலே ஒன்றும் கேட்காமல் விளக்கெண்ணெய் எடுத்து வரச் சொல்லி, படுத்தபடியே என் காலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுத் தடவினாள். அவள் வாயாடாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த வாரமும் பெட்டி வந்தது. டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தாள். கட்டி போகவில்லை, மறுபடி படுத்துக்கொண்டது, இப்படியே ஓட்டலாம் என்றாள். நம்பவா வேண்டாமா என்று நான் யோசிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்திருக்கிறவளைக் கண்ணால் பார்க்கிறேனே.

அதற்கு மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யோவ், நெஞ்செலும்பு இருந்தா கொண்டாய்யா. வாய் நமநமங்குது. மிளகைத் தூக்கலாப் போட்டு, சுள்ளுன்னு வைக்கணும்."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து வெள்ளத்தாயிக்கு மிளகு ஆகாது. குழம்பில் ஒரு மிளகு மிதந்தாலும் எடுத்து என் தட்டில் போடுகிறவள்.

பஞ்சவர்ணம் மாலையைக் கழற்றிவிட்டாள்.

கடையைத் திறந்ததும் முதல் ஆட்டின் நெஞ்செலும்பை அப்படியே வெட்டி வாழையிலையில் கட்டினேன். தராசில் வைக்கவில்லை.